செங்கோட்டையில் பழைய கார் சோதனை: சேஸிஸ் நம்பரில் தொடங்கும் பட்டறை

ஆரியங்காவு தாண்டி கேரளாவுக்குப் போய் பழைய கார் பார்க்கிறவர்களுக்காக எழுதுகிறேன். செங்கோட்டையில் குற்றாலம் போகிற சாலையில் ஒரு சின்னப் பட்டறை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் வண்டியை இங்கே ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நான் கொண்டுபோனது புனலூரில் விலைக்கு வந்த கிராண்ட் ஐ10. 2018 மாடல் என்றார் விற்கிறவர். பட்டறைக்கார அண்ணாச்சி பானெட் பக்கமே போகவில்லை. முன்சீட்டைத் தள்ளி, தரையில் இருந்த மூடியை எடுத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். வண்டியின் அடித்தளத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரின் பதினேழு எழுத்தும் தாளில் ஏறின.

"இங்கன பாருங்க தம்பி. மொத மூணும் எம்ஏஎல், ஹூண்டாய். மாருதின்னா எம்ஏ3, டாடான்னா எம்ஏடி. பத்தாவது எழுத்து வருசம். எச் இருக்கு, அப்ப 2017."

2010-க்கு ஏ. அங்கிருந்து எண்ணினால் எச் 2017. ஐ-யை விட்டுவிட்டு ஜே 2018. ஆர்சியிலும் உற்பத்தி 2017 நவம்பர், பதிவுதான் 2018 ஜனவரி. விற்கிறவர் சொன்னது பதிவு ஆண்டை. ஆனால் விலையில் ஒரு வருடம் என்பது சின்ன விஷயமா? அதை வைத்தே பதினைந்தாயிரம் குறைத்தேன். எல்லாக் கம்பெனியும் வருடத்தைப் பத்தாவது இடத்தில் வைப்பதில்லை. எந்தக் கம்பெனிக்கு எந்த இடம் என்று அண்ணாச்சி ஒரு நோட்டே போட்டு வைத்திருக்கிறார்.

இன்னொன்றையும் அவர்தான் பிடித்தார். ஒன்றோடும் சைபரோடும் குழம்பும் என்பதால் ஐ, ஓ, க்யூ மூன்றும் இந்த நம்பரில் வரவே வராது. இன்சூரன்ஸ் தாளில் சைபர் இருக்க வேண்டிய இடத்தில் ஓ அடித்திருந்தது. என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி டிஎன் பதிவுக்கு மாற்றும்போது ஆர்சி, இன்சூரன்ஸ், பென்சில் பிரிண்ட் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். திருத்தி வாங்கித் தந்தால்தான் பணம் என்று விற்கிறவரிடம் சொல்லிவிட்டேன்.

நம்பர் பொறித்த இடத்தைச் சுற்றி கிரைண்டர் தடமோ, வெல்டிங்கோ, புதுப் பெயிண்ட்டோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். மூடிக்கு அடியில் சேறு, துரு உண்டா என்றும் விரலால் தடவினார். 2018 வெள்ளத்துக்கு அப்புறம் கேரள வண்டி என்றால் இதை விடுவதே இல்லையாம். எஞ்சின், சஸ்பென்ஷன் சோதனையும் சரியாகவே செய்தார்.

குறை என்றால், எதையும் எழுதித் தருவதில்லை. நாமே குறித்துக்கொள்ள வேண்டும். கட்டணம் எழுநூறு ரூபாய். ஆர்சியும் இன்சூரன்ஸும் ஒரிஜினலாகவே கொண்டுபோங்கள், ஜெராக்ஸை அவர் தொடுவதில்லை. ஞாயிறு விடுமுறை. குற்றாலம் சீசனில் டூரிஸ்ட் வண்டிகள் வரிசை கட்டும், காலையிலேயே போய்விடுவது நல்லது.