ஏ.ஏ. கூட்டம்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தேடுகிறவர்களுக்கு

குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டத்துக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம். அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வசதிக்கு இரண்டுக்கு மேல் போட மனம் வரவில்லை. 1937ல் ராஜாஜி மதுவிலக்கை முதலில் அமல்படுத்திய பழைய சேலம் ஜில்லாவுக்குள்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் இருந்தன. இன்று இங்கே டாஸ்மாக் எங்கே என்றால் யாரும் கை காட்டுவார்கள். ஏ.ஏ. எங்கே கூடுகிறது என்று கேட்டால் எதிர்க்கடைக்காரருக்கே தெரிவதில்லை. விளம்பரம் தேடுவதில்லை என்பது அவர்கள் கொள்கை.

இந்திய ஏ.ஏ. பொதுச்சேவை அலுவலகத்தின் இணையதளத்தில் குழுக்களைத் தேடலாம். தருமபுரி என்று மட்டும் போட்டுவிட்டு இல்லை என்று மூடிவிடாதீர்கள். அரூர்க்காரருக்குச் சேலமோ திருப்பத்தூரோ தோதாக இருக்கலாம். ஓசூர்க்காரருக்குப் பெங்களூரே பக்கம். கட்டணமில்லாத 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணிலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் கேட்கலாம்.

முகவரி கிடைத்ததும் பஸ் ஏறிவிடக் கூடாது. பெரும்பாலான குழுக்கள் பள்ளி அறையையோ தேவாலய வளாகத்து அறையையோ இரவல் வாங்கிக் கூடுகின்றன. பரீட்சை வந்தால், திருவிழா வந்தால் இடமோ நேரமோ மாறும். பட்டியலில் பழையதே கிடக்கும். அதனால் அன்று காலையே போன் செய்து நாலு விஷயம் கேளுங்கள்: இன்று கூட்டம் உண்டா, எந்த வாசல் வழியாக வர வேண்டும், எத்தனை மணிக்கு முடியும், திறந்த கூட்டமா மூடிய கூட்டமா. திறந்த கூட்டத்துக்கு மனைவி, அண்ணன், நண்பர் யாரும் கூட வரலாம். மூடியது, குடியை நிறுத்த நினைப்பவர்களுக்கு மட்டும். மாலைக் கூட்டம் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போகும். பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஊர்களுக்குத் திரும்புகிறவர்கள் கடைசி பஸ்ஸை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இதனாலேயே இரண்டாம் வாரம் நின்றுபோகிறவர்கள் உண்டு.

தேவாலய வளாகம் என்றதும் மதம் மாற்றுவார்களோ என்ற பயம் வீட்டாருக்கு வருவதுண்டு. இடம் மட்டும்தான் தேவாலயத்துடையது. குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் 12 படிகளில் கடவுள் என்ற சொல் வரும். 'நாம் அறிந்த வகையில்' என்ற சேர்க்கையோடு வரும். முருகனோ அல்லாவோ, யாரும் இல்லையோ, கேட்க மாட்டார்கள்.

உள்ளே போனால் பதிவேடு, ஆதார் எதுவும் இல்லை. சிறு பிரார்த்தனை, கொஞ்சம் வாசிப்பு, பிறகு ஒவ்வொருவராக, 'நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்கிப் பேசுவார்கள். பேசுகிறவரை யாரும் குறுக்கே மடக்குவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. பேச விருப்பமில்லையென்றால் 'கேட்க வந்தேன்' என்றால் போதும். கடைசியில் பை ஒன்று சுற்றி வரும். பத்தோ இருபதோ போடலாம், போடாமலும் விடலாம். கட்டணம் கேட்டால் அது ஏ.ஏ. அல்ல, பெயரை மட்டும் கடன் வாங்கிய வேறு ஏதோ.

பலன் உண்டா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020ல் வெளியிட்ட தொகுப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. முழுதாகக் குடியை விட்டிருப்பதில், ஏ.ஏ.வோடு இணைக்கும் முறையான சிகிச்சை மற்ற சிகிச்சைகளைவிட மேலாகவே நின்றது. ஆனால் ஒரு குழு போல் இன்னொன்று இருக்காது. முதல் கூட்டம் சலிப்பாகப் போனால் வேறு குழுவையும் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். நீண்ட நாள் குடிக்காமல் இருக்கும் ஒருவரை ஸ்பான்சராக, அதாவது துணைநின்று வழிகாட்டுபவராகக் கேட்டு, அவர் எண்ணை வாங்கி வைப்பதில்தான் பாதி பயன். சாயங்காலம் கை பரபரக்கும்போது கூப்பிட அந்த எண்தான் இருக்கும்.

அரை மதிப்பெண் குறைத்த காரணம்: பெண்களுக்கு இந்தப் பக்கம் தயக்கமில்லாமல் போய் உட்காரும் சூழல் குறைவு, சிப்காட்டில் ஷிப்ட் மாறி மாறிப் போகிறவர்களுக்கு நேரம் ஒத்துவராது.

இதைவிட முக்கியமானது ஒன்று. ஏ.ஏ. மருத்துவமனை அல்ல. காலையில் கண் விழித்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும் என்கிற நிலையில் இருப்பவர், கூட்டத்தில் வேகம் வந்து சட்டென நிறுத்தினால் ஆபத்து. முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நாலாம் நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றலாம், உயிரே போகலாம். இவர்கள் முதலில் அரசு மருத்துவமனையில் சேர்ந்து, நடுக்கத்துக்கான மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் டாக்டர் மேற்பார்வையில் எடுத்துவிட்டு வரட்டும். ஓசூர்ப் பக்கம் என்றால் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. கட்டி வைத்துத் திருத்துகிறோம் என்கிற மையங்களை அண்டவே வேண்டாம். சங்கிலியில் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்கிறது. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிராம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுப்பதும் வேண்டாம்: அதன் மேல் குடித்தால் நெஞ்சு படபடத்து ரத்த அழுத்தம் இறங்கி ஆளையே கொண்டுபோய்விடும்.

வீட்டாருக்கு அல்-அனான் என்று தனி அமைப்பு இருக்கிறது. குடிக்கிறவர் வர மறுத்தாலும் மனைவியோ அம்மாவோ போகலாம். பக்கத்தில் குழு இல்லையென்றால் இணையவழிக் கூட்டம். வீடியோவை அணைத்து வைத்துவிட்டுக் கேட்கலாம். ஷிப்ட்காரர்களுக்கும் ஏ.ஏ.வின் இணையவழிக் கூட்டம்தான் வழி.