வார இறுதிக்கு எந்த நாளிதழ்? கலைக்கும் நூலுக்கும் ஓர் ஒப்பீடு

சென்னையில் இருக்கும் ஒரு வாசகர் கலைக்காகவும் புத்தகங்களுக்காகவும் ஒரே ஒரு நாளிதழைத்தான் வாங்குவார் என்றால், எதை வாங்கச் சொல்லலாம்? என் கணக்கில் போட்டி, ஆங்கில ‘தி இந்து’வுக்கும் ‘தினமணி’க்கும்தான்.

சங்கீதம் என்றால் யோசிக்கவே வேண்டாம், இந்துதான். அதன் ‘ஃப்ரைடே ரிவ்யூ’ வெள்ளிக்கிழமையே வந்துவிடுகிறது. சனி, ஞாயிறு சபாவுக்குப் போகிறவர்களுக்கு அதுவே வசதி. நல்ல விமர்சகர் எழுதினால், எந்த ராகம் பிரதானமாக வந்தது, நிரவலுக்கு (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவதற்கு) பாடகர் எந்த வரியை எடுத்தார், கல்பனாஸ்வரத்தில் (அந்த நேரத்துக் கற்பனையில் பாடும் ஸ்வரங்களில்) குறைப்பு, அதாவது ஸ்வரக் கோவைகளைப் படிப்படியாகச் சுருக்குவது, எப்படி அமைந்தது என்று கச்சேரியே கண்முன் விரியும். அரங்கில் இருந்தவர் தன் காது கேட்டதை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் கடைசிப் பத்தியில் ‘பக்கபலமாக இருந்தனர்’ என்ற அளவில் ஒரு வரி ஒதுக்கும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தாள வாத்தியம் மட்டும் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் உயிரைக் கொடுத்து வாசித்தவருக்கு அந்த ஒரு வரி எப்படிப் போதும்?

இந்த இடத்தில் தமிழ் நாளிதழ்கள் பின்தங்கியிருப்பது எனக்கு ஆறாத வருத்தம். ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் ‘ஆடல் பாடல்’ பகுதியை எழுதியவர் கல்கி. சங்கீத நுட்பம் தெரியாதவரும் ரசித்துப் படிக்கும்படி கச்சேரி விமர்சனத்தை அன்றே தமிழில் எழுதிக் காட்டிவிட்டார். அப்படியிருந்தும், மார்கழி முடிந்த பிறகு கச்சேரியைப் பற்றிப் படிக்க வேண்டுமென்றால் தமிழ் ரசிகர் ஆங்கிலப் பத்திரிகையைத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது.

இலக்கியம் என்று வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. தினமணி ஞாயிறன்று தரும் ‘தமிழ்மணி’க்கு நிகரான பகுதி இந்துவில் கிடையாது. சங்கப் பாடலின் ஒரு சொல்லாட்சி, ஒரு தனிப்பாடலின் பின்னணி, உரையாசிரியர் ஒருவர் கொண்ட பாடம் (பாட்டு வரியின் சொல் வடிவம்) என்று காப்பி ஆறுவதற்குள் படித்து முடிக்கக்கூடிய சிறு கட்டுரைகள். கல்லூரி ஆய்விதழில் வரவேண்டிய செய்தி இங்கே எளிய நடையில் கிடைக்கிறது. தமிழ்-பிராமி கல்வெட்டுகளை ஆராய்ந்த ஐராவதம் மகாதேவன் 1987 முதல் 1991 வரை ஆசிரியராக இருந்த நாளிதழ் அல்லவா! கூடவே வரும் ‘இந்த வாரம் கலாரசிகன்’ பத்தியில் வந்து சேர்ந்த புத்தகங்களைப் பற்றிய பேச்சும், முடிவில் ஒரு கவிதையும் இருக்கும். அந்தக் கவிதைக்காகவே பத்தியை முதலில் படிப்பேன். எல்லாக் கட்டுரைகளும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். தெரிந்த செய்தியையே திரும்பச் சொல்பவையும் உண்டு.

நூல் மதிப்புரையில் இரண்டுக்கும் வழி வேறு. இந்துவின் ஞாயிறு மேகசினில் வரும் மதிப்புரைகளுக்கு இடம் தாராளம். புத்தகத்தின் வாதத்தை எடுத்துவைத்து மறுக்கவும் முடிகிறது. ஆனால் அங்கே ஆங்கில நூல்களுக்கே முதலிடம். தமிழ் நூல் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாகித்தான் உள்ளே நுழைகிறது. தினமணியின் ‘நூல் அரங்கம்’ திங்களன்று வருவதால் வார இறுதிக் கணக்கில் சேராது, என்றாலும் விட மனமில்லை. தலைப்பின் கீழே ஆசிரியர் பெயர், பக்கம், விலை, பதிப்பகத்தின் ஊர், தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். மதிப்புரை சில பத்திகளில் முடிந்துவிடும், கண்டிப்பும் குறைவுதான். ஆனாலும் கடையில் எளிதில் கிடைக்காத சிறு பதிப்பக நூலை அந்த எண்ணை அழைத்தே வாங்கிவிடலாம். ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போகும்போது அந்தத் துண்டுகளைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டால், அரங்கு அரங்காக அலைய வேண்டியதில்லை.

சபாவுக்குத் தவறாமல் போகிறவர் வெள்ளிக்கிழமை இந்துவை வாங்கட்டும். மற்றவர்களுக்கு, குறிப்பாகப் பள்ளியோடு தமிழ் இலக்கியத்தை விட்டுவிட்டு இப்போது திரும்பிவர விரும்புகிறவர்களுக்கு, ஞாயிறு தினமணியைத்தான் சொல்வேன்.