போர்ட்டிக்சனா, கேமரன் மலையா?

கோலாலம்பூரிலிருந்து சிறு பிள்ளைகளுடன் வார இறுதிக்கு வெளியூர் செல்ல நினைக்கும் நம் குடும்பங்களில், பேச்சு பெரும்பாலும் கடற்கரை ஊரான போர்ட்டிக்சன், குளிர்ந்த மலைப்பகுதியான கேமரன் மலை ஆகிய இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கிறது.

போர்ட்டிக்சன் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். கேமரன் மலை 200 கிலோமீட்டர். ஆயினும் பிள்ளைகளுக்குத் தூரத்தைவிட வளைவுகளே சோதனை. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலைமேல் உள்ள தானா ராத்தாவுக்கு ஏறும் சாலையில் வளைவுக்கு மேல் வளைவு வருவதால், வயிறு நிறையப் பால் குடித்த குழந்தை பாதி வழியிலேயே வாந்தி எடுத்துவிடக்கூடும். மலைக்கு ஏறும் மற்றொரு பாதையான சிம்பாங் பூலாய் வழி அகலமானது, ஆனால் ஈப்போவை நெருங்கும்வரை சென்று திரும்ப வேண்டும். விடுமுறை நாள்களில் மலைமேல் உள்ள பிரிஞ்சாங் ஊரில் வாகன நெரிசலும் சேர்ந்துகொள்ளும்.

மேலே சென்றுவிட்டாலோ, குளிர்ந்த காற்றும், ஸ்ட்ராபெர்ரியைத் தம் கையாலேயே பறித்துக் கூடையில் போடும் மகிழ்ச்சியும் பிள்ளைகளுக்குக் கிடைக்கின்றன. தோட்டப்புறத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி உடன் வந்தால், 1929இல் தொடங்கப்பட்ட போ (BOH) தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டத்தில், கொழுந்து கிள்ளிய அந்நாள் வாழ்க்கையைப் பேரப்பிள்ளைகள் செடிகளைப் பார்த்தபடியே கேட்கலாம். இதற்கு ஈடானது கடற்கரையில் எதுவுமில்லை.

போர்ட்டிக்சனில் வாளியும் மண்வாரியும் போதும். மலாக்கா நீரிணையின் அலைகள் பொதுவாக மென்மையானவை. நீர் வற்றும்போது தெலுக் கெமாங் கடற்கரையில் மணல் விரிந்து கிடக்கும். கடல்நீர் ஏறி வற்றும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது அவசியம். ஆழம் குறைவென்று பிள்ளைகளைத் தனியே விடவும் கூடாது.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் என் தேர்வு போர்ட்டிக்சன்தான். கேமரன் மலைக்கு வெள்ளிக்கிழமையே விடுப்பெடுத்துப் புறப்பட முடிந்தவர்கள் மட்டும் செல்லலாம்.