கழுத்து டாப்ளரா, சிடி ஆஞ்சியோகிராமா?

சில நிமிடங்கள் ஒரு கை மரத்து, பேச்சுக் குழறி, பின்னர் தானாகவே சரியாகிவிட்ட ஒருவருக்கு, மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளை உடனடியாகப் பார்த்தாக வேண்டும். எதைக் கொண்டு பார்ப்பது என்பதில்தான் தேர்வு இருக்கிறது.

ஒலி அலைகளைக் கொண்டு பார்க்கும் கழுத்து டாப்ளர் ஸ்கேனில் கதிர்வீச்சும் இல்லை, ஊசியும் இல்லை. சிறுநீரகம் பழுதானவருக்குக்கூட படுக்கையருகிலேயே செய்யலாம். அது தமனிச் சுவரில் படிந்த கொழுப்பைக் காட்டுவதோடு ரத்தம் பாயும் வேகத்தையும் அளக்கிறது. குறுகிய இடத்தில் வேகம் கூடும் என்பதால், கழுத்து வழியே மூளைக்குச் செல்லும் உட்கரோடிட் தமனியில் உச்ச வேகம் வினாடிக்கு 230 செ.மீ.க்கு மேல் போனால், சுருக்கம் 70 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்கும் என்று கணிக்கிறார்கள். அறிகுறி கண்டவர்களில் இந்த அளவு சுருக்கம் உள்ளோருக்கு, மருந்தோடு அறுவையும் செய்து படிவை அகற்றுவது தெளிவான பயன் தரும் என்று வட அமெரிக்க ஆய்வொன்று 1991இல் காட்டியதால், அந்த எண்ணுக்கு இத்தனை மதிப்பு.

ஆனால் வேகத்தை மட்டும் நம்புவது ஆபத்து. நூலளவே வழி மிஞ்சிய தமனியில் வேகம் குறைந்தே தெரியலாம். சுண்ணாம்பு ஏறிய படிவு ஒலியை மறித்து நிழல் வீழ்த்தும். ஸ்கேன் செய்பவரின் கைத்திறனும் முடிவை மாற்றும். எக்ஸ்-கதிரால் ரத்தநாளங்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோகிராமோ, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலிருந்து மூளைக்குள் வரை ஒரே மூச்சில் காட்டிவிடும். அதற்கு விலை, கதிர்வீச்சும், நாளங்கள் படத்தில் தெரிய ஊசியில் ஏற்றும் அயோடின் மருந்தும். காந்தப்புலத்தால் படமெடுக்கும் எம்ஆர் ஆஞ்சியோகிராம் அந்த மருந்தில்லாமலும் எடுக்கக்கூடியது, ஆனால் சுருக்கத்தைச் சற்று மிகைப்படுத்தும்.

மண்டைக்குள் பார்க்கும் டாப்ளர் 1982இல் அறிமுகமானது. பொட்டெலும்பின் மெல்லிய பகுதி வழியாக ஒலியைச் செலுத்துகிறார்கள். முதியவர்கள் சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அந்த எலும்பு ஒலியை விடுவதில்லை. ஆசியர்களிடம் மண்டைக்குள்ளிருக்கும் தமனிகளின் சுருக்கம் அதிகம் காணப்படுவதால், கழுத்து டாப்ளர் சரியாக இருந்தது என்பதோடு தேடலை நிறுத்திவிடக் கூடாது. அறிகுறி கண்டவருக்குச் சிடி வசதி கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் அதையே முதலில் எடுக்கலாம். இல்லையேல் டாப்ளரில் தொடங்கி, அறுவைக்கு முன் மற்றொன்றால் உறுதிசெய்வதே சரி.

அறிகுறியே இல்லாதவர்கள் உடல் பரிசோதனைத் தொகுப்போடு இதையும் சேர்த்துக்கொள்வது வேறு கதை. பொதுவாக அனைவருக்கும் இச்சோதனை வேண்டாம் என்றே அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2021இலும் பரிந்துரைத்தது. தவறான ஒரு முடிவு, தானே பக்கவாதத்தை வரவழைக்கக்கூடிய அறுவை வரை இழுத்துச் செல்லலாம்.