கம்பெனி அலாரத்தில் ஷாக் சென்சார்: ஆரப்பாளையத்துப் பட்டறையில் செய்த வேலை

நான் கல்யாணப் போட்டோகிராபர். தை மாதக் கடைசி முகூர்த்தத்தன்று திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் இடமில்லாததால் காரைப் பக்கத்துச் சந்தில் நிறுத்திப் பூட்டிவிட்டுப் போனேன். தாலி கட்டி முடிந்து, குரூப் போட்டோவுக்கு ஃப்ளாஷ் எடுக்க வந்தால், பின் இடது கண்ணாடி கல்கண்டு மாதிரி நொறுங்கி சீட் முழுக்கக் கிடக்கிறது. 70-200 லென்ஸும் இரண்டு ஃப்ளாஷும் இருந்த பையைக் காணோம். தாலி கட்டு எடுத்த மெமரி கார்டு மட்டும் என் சட்டைப் பையில் இருந்தது. அதுவும் பையோடு போயிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சை அடைக்கிறது.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கினேன். கண்ணாடிக்கு இன்ஷூரன்ஸ் கிடைத்தது. லென்ஸுக்குக் கிடைக்கவில்லை. காரில் வைத்த சொந்தப் பொருள் சாதாரண கார் பாலிசியில் வராது.

என்னைக் குடைந்துகொண்டே இருந்தது வேறு ஒரு கேள்வி. கார் பூட்டித்தான் இருந்தது. கம்பெனியிலிருந்தே அலாரத்தோடு வந்த கார் அது. சந்து முனையில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டால், "ஒரு சத்தமும் கேக்கலையேப்பா" என்கிறார். அலாரம் ஏன் கத்தவில்லை?

சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "சார், சிஸ்டம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஒரு ஆக்சஸரீஸ் கடையில், பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது அலாரம், புது ரிமோட் என்று 4,500 ரூபாய் சொன்னார்கள். கம்பெனி ரிமோட் நன்றாக இருக்கும்போது சாவிக்கொத்தில் இன்னொன்றைத் தொங்கவிட எனக்கு மனமில்லை.

கடைசியில் எங்கள் வீடியோகிராபர் தம்பி கூட்டிக்கொண்டு போனதுதான் மதுரை ஆரப்பாளையத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் ஒயரிங் பட்டறை. போர்டு கிடையாது. வேப்பமரம், அதன் கீழே ஒரு பழைய பேட்டரி அடுக்கு, அதுதான் அடையாளம். பட்டறைக்கார அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நான் கதையைச் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவே இல்லை. முடித்ததும், "கண்ணாடியை உடைச்சவன் கதவைத் திறந்தானா தம்பி?" என்று கேட்டார். இல்லை. கைவிட்டுப் பையை எடுத்திருக்கிறான், அவ்வளவுதான். "அப்ப எப்படிக் கத்தும்?" என்றார்.

பிறகு விளக்கினார். இந்த மாதிரிக் கார்களில் அலாரத்துக்குத் தெரிந்தது கதவு சுவிட்ச் ஒன்றுதான். கதவு திறந்தால் சுவிட்ச் ஒயர் எர்த் ஆகும், அதாவது காரின் பாடியோடு சேரும். பூட்டியிருக்கும் நேரத்தில் அப்படி ஆனால் கண்ட்ரோல் யூனிட் (அலாரத்தை இயக்கும் பெட்டி) ஹாரனை அடிக்கும், இண்டிகேட்டரை மின்னவிடும். கண்ணாடி உடைவதைப் பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை. அத்தனை வருடமும் நான் ரிமோட்டை அமுக்கி, 'டிக்' சத்தம் கேட்டு, நிம்மதியாக நடந்துபோனது இதை நம்பித்தான்.

அந்தக் குறைக்கு அவர் வைத்ததுதான் அதிர்வை உணரும் ஷாக் சென்சார். அது தீப்பெட்டி அளவுதான் இருக்கிறது. உள்ளே ஒரு பீசோ தகடு. அதிர்ந்தால் கொஞ்சம் மின்னழுத்தம் உண்டாகும், அதைப் பெருக்கி ஒரு சிக்னலாக அனுப்பும். நான்கு ஒயர்: பேட்டரி, எர்த், லேசான தட்டலுக்கு ஒன்று, பலமான அடிக்கு ஒன்று. தனியாக வாங்கிப் போடும் அலாரங்களில் லேசான தட்டலுக்கு இரண்டு மூன்று முறை 'கீச்' என்று எச்சரித்து நிறுத்தும். கம்பெனி அலாரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது, கத்தினால் முழுசாகக் கத்தும். அதனால் பலமான அடிக்கான ஒயரை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை டேப் சுற்றி ஒதுக்கிவிட்டார்.

அந்த ஒயரைக் கொண்டுபோய்ப் பின் கதவு சுவிட்ச் ஒயரில் சேர்த்தார். கண்ணாடியில் அடி விழுந்தால் சென்சார் ஒரு நொடி அந்த ஒயரை எர்த் ஆக்கும். கண்ட்ரோல் யூனிட் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஹாரனை அடிக்கும். பானட்டில் சுவிட்ச் இருக்கிற கார் என்றால் அந்த ஒயரில் சேர்ப்பாராம். என் காரில் அது இல்லை. இடையில் கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு 1என் 4007 டயோடு, கோடு போட்ட முனை சென்சார் பக்கம். இது இல்லாவிட்டால் கதவைத் திறக்கும்போதெல்லாம் சென்சாரின் வெளியீட்டு ஒயரும் சேர்ந்து எர்த் ஆகும், நாளடைவில் சென்சார் கெட்டுப்போகும் என்றார். சில ரூபாய் டயோடுக்காக அவர் அத்தனை நேரம் என்னிடம் பேசினார். ஒயரைக் கடித்துப் பிடிக்கும் கிளிப்பை அவர் கையால் தொடவில்லை. ஒவ்வொரு இணைப்பையும் சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி இறுக்கினார்.

எனக்குத் தோன்றாத இன்னொன்றையும் அவரே யோசித்து வைத்திருந்தார். வண்டி ஓடும்போது பள்ளத்தில் விழுந்தால்? சென்சார் அதையும் அடி என்றுதான் எடுத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் கதவு திறந்த விளக்கு எரிந்து எரிந்து அணையும். நம்ம ஊர் ரோட்டில் அது ஓயவே ஓயாது. அதற்காக ஐந்து முனை ரிலே (கரண்ட் வந்தால் மாறும் சுவிட்ச்) ஒன்று வைத்து, சென்சாருக்குப் போகும் சப்ளையை, ரிலேவுக்குக் கரண்ட் வராதபோது மட்டும் சேர்ந்திருக்கும் 87ஏ முனை வழியாகக் கொடுத்தார். சாவியைப் போட்டால் சென்சாருக்குக் கரண்ட் நின்றுவிடும், எடுத்தால் திரும்ப வரும். நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில் ரிலே கரண்ட் எடுப்பதே இல்லை. சப்ளைக்கு 2 ஆம்ப் ஃப்யூஸ். என் பேட்டரி 35 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு). சென்சார் எவ்வளவு இழுக்கிறது என்று மல்டிமீட்டரில் காட்டச் சொன்னேன்: 4 மில்லி ஆம்ப். ஒரு நாளைக்கு 0.1 ஏஎச், மாதத்துக்கு 3 ஏஎச் என்று கணக்கு வரும். வாரக்கணக்கில் வண்டியை எடுக்காதவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஓட்டுகிற எனக்குப் பொருட்டே இல்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மணி நேர வேலை என்றார், சாயங்காலம் ஆகிவிட்டது. முதலில் வைத்த சென்சாரின் சிக்னல் கண் சிமிட்டும் நேரத்துக்குள் வந்து போனது. கண்ட்ரோல் யூனிட் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. கண்ணாடியைக் கையால் தட்டுகிறார், சென்சாரில் விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கவில்லை. எங்கே கோளாறு என்று கண்டுபிடித்து, ஆள் அனுப்பி வேறு சென்சார் வாங்கி மாற்றுவதற்குள் மணி நாலு. மாற்றியதற்குக் கூடுதல் காசு வாங்கவில்லை. மொத்தம் 1,350 ரூபாய், அதில் சென்சார் 550. பில் கிடையாது, கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். வாரண்டியில் இருக்கும் வண்டிக்கு இந்த வேலை செய்வதற்கு முன் நன்றாக யோசியுங்கள். ஒயரிங்கில் கை வைத்தால் எலெக்ட்ரிகல் வாரண்டிக்குப் பிரச்சினை வரலாம் என்று அவரே முதலில் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். என் வண்டி 2019 மாடல், வாரண்டி முடிந்து வெகுநாள் ஆயிற்று.

முதல் வாரம் பெரிய தொல்லை. என் வீடு செல்லூரில், ரயில் பாதைக்குப் பக்கம். சென்சாரை ஸ்டீயரிங் தண்டைத் தாங்கும் இரும்பில் திருகி வைத்திருந்தார். பிளாஸ்டிக்கில் ஒட்டினால் அடி சரியாகப் போய்ச் சேராதாம். ஆனால் இரும்பில் வைத்தால் எல்லாமே போய்ச் சேர்கிறது. ராத்திரி புல்லட் போனால் கத்தியது, பானட்டில் நாய் குதித்தால் கத்தியது, தண்ணி லாரி ரிவர்ஸ் எடுத்தபோதும் கத்தியது. எதிர்வீட்டுப் பெரியம்மா விடிகாலையில் கதவைத் தட்டி, "ஏம்ப்பா, பச்சப்புள்ள தூங்குற வீடு" என்றார். எனக்குக் கூசிவிட்டது.

போன் பண்ணியதும் அண்ணன், "எப்பெப்ப கத்துச்சு, அப்ப என்ன போச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டு வாங்க" என்றார். மூன்று நாள் எழுதினேன். அதைப் படித்துப் பார்த்துவிட்டு, சென்சாரில் இருக்கும் சின்னத் திருகைக் கால் சுற்றுக் குறைத்தார். குறைத்ததும் அனுப்பிவிடவில்லை. ரப்பர் சுத்தியலில் துணியைச் சுற்றி, நான்கு கதவுக் கண்ணாடிக்குப் பக்கத்திலும் காரின் தூணில் அடித்துப் பார்த்தார். பின் வலது பக்கம் மட்டும் எடுக்கவில்லை. ஒரு மயிரிழை கூட்டினார். சென்சார் இருப்பது முன்னால், பின் கண்ணாடிதான் தூரம், அதனால் அந்தப் பக்கம் எடுக்கும் அளவுக்குத்தான் வைக்க வேண்டுமாம். இதற்கு அரை மணி நேரம் ஆனது. காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஆகிறது. ரயிலுக்குக் கத்துவதில்லை, லாரிக்குக் கத்துவதில்லை. தெருவில் முளைப்பாரி ஊர்வலம் கொட்டு முழக்கத்தோடு போனபோது வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், கொட்டுக்கு அசையவில்லை. காருக்குப் பக்கத்தில் வேட்டு ஒன்று வெடித்தபோதுதான் அடித்தது. ரிமோட்டை அமுக்கி நிறுத்தினேன். போன மாதம் ஒத்தக்கடையில் ஒரு மண்டபத்து வாசலில் யாரோ பைக்கைத் திருப்பும்போது பின் கதவில் பலமாக மோத, உள்ளே மேடையில் இருந்த எனக்கே ஹாரன் கேட்டது. ஓடி வந்தேன். கல்யாணத்துக்கு வந்த பையன் ஒருவன், ரொம்பப் பயந்துபோய் நின்றான். கதவில் ஒரு கீறல். ஆனால் எனக்கு அன்றைக்குத்தான் முழு நம்பிக்கை வந்தது.

இதில் பிடிபடாத திருட்டும் உண்டு. வண்டியை மெதுவாகத் தூக்கி இழுத்துக்கொண்டு போனால் இது எடுக்காது, அதற்குச் சாய்வைப் பார்க்கும் சென்சார் வேறு. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரைப் பொறுமையாக உரித்து எடுத்தாலும் தெரியாது. காருக்குள் உட்கார்ந்துகொண்டு சாவி போடாமல் கதவைப் படார் என்று சாத்தினால், கதவு மூடிய பிறகும் உள்விளக்கு ஒரு முறை மின்னும். அது டயோடு வழியாகச் சென்சார் செய்வது, பயப்பட வேண்டாம். லென்ஸ் பையை நான் இப்போது மண்டபத்துக்குள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். காரில் ஸ்டாண்டும் குடையும்தான் கிடக்கின்றன.

பட்டறைக்குப் போகிறவர்கள் காலையில் ஒன்பது மணிக்கே போய்விடுங்கள், ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய வேலைதான் எடுப்பார். டேப் சுற்றி ஒதுக்கிய அந்த லேசான தட்டல் ஒயரில் ஒரு சின்ன பஸ்ஸரை மாட்டித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். யாராவது கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாலே 'கீச்' என்று சொல்லும். மாட்டலாம், ஆனால் அளவு வைக்க ஒரு நாள் முழுக்க வண்டி அவரிடம் நிற்க வேண்டும் என்றார். ஆடியில் எனக்கு முகூர்த்தம் கிடையாது, அப்போது விடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.