சுசுகி பாலிமருக்கு எந்த பாஸ்பீன்?

ஃபுளோரீன் டைபுரோமைடையும் டைபோரானிக் எஸ்டரையும் சுசுகி வினையில் (பல்லேடியம் வினையூக்கியால் புரோமைடு முனையையும் போரான் முனையையும் இணைப்பது) கோத்துப் பாலிமராக்கத் தொடங்கியபோது, கைக்குப் பழகிய டெட்ராகிஸைத்தான், அதாவது நான்கு ட்ரைஃபீனைல்பாஸ்பீன் தாங்கிய பல்லேடியத்தைத்தான் போட்டேன். இப்போது ட்ரை-ஆர்த்தோ-டோலைல்பாஸ்பீனுக்கு மாறிவிட்டேன். சின்ன மூலக்கூறு செய்பவர்கள் டெட்ராகிஸையே வைத்துக்கொள்ளலாம். மலிவு, எங்கும் கிடைக்கும். எலுமிச்சை மஞ்சளாக இருக்கும் தூள் பழுப்பேறிவிட்டால் மட்டும் தொடாதீர்கள்.

சின்ன மூலக்கூறில் நூற்றுக்கு இரண்டு பிசகினால் காலம் குரோமடோகிராபியில் ஓட்டிப் பிரித்துவிடலாம். பாலிமரில் அந்தப் பிசகு சங்கிலியோடேயே ஒட்டிக்கொள்ளும், பிரிக்க வழியே கிடையாது. கரோதர்ஸ் கணக்குப்படி வினை 98% முடிந்தால் சங்கிலியின் சராசரி நீளம் 50 அலகு, 99% முடிந்தால் 100. கடைசி ஒரு சதவீதத்தில்தான் எல்லாமே இருக்கிறது.

ட்ரைஃபீனைல்பாஸ்பீன் காலை வாருவது அங்கேதான். பல்லேடியத்தில் உட்கார்ந்திருக்கும் நம் அரைல் தொகுதியும் (மானோமரின் வளையம்) பாஸ்பரஸில் இருக்கும் ஃபீனைலும் இடம் மாறிக்கொள்கின்றன. அந்த ஃபீனைல் போய் போரான் முனையில் இணைந்தால் அந்தப் பக்கம் மூடி போட்ட மாதிரி, அப்புறம் வளராது. நம் சங்கிலியோ பாஸ்பரஸில் மாட்டிக்கொள்கிறது. கழுவி வீழ்படிவாக்கிய பிறகும் பாஸ்பரஸ் என்எம்ஆரில் (பாஸ்பரஸைக் காட்டும் நிறமாலையில்) சிக்னல் வந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. அதுவரை மானோமரின் தூய்மையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

டோலைலில் ஆர்த்தோ மெத்தில்கள் பாஸ்பரஸைச் சுற்றி நெருக்குவதால் இந்த இடமாற்றம் வெகுவாகக் குறைகிறது. கூம்புக் கோணம் (பாஸ்பீன் அடைக்கும் இடத்தின் அளவு) ட்ரைஃபீனைலுக்கு 145 பாகை, இதற்கு 194. மானோமர், கரைப்பான், காரம் எதையும் மாற்றாமல் லிகண்டை, அதாவது பல்லேடியத்தைத் தாங்கும் பாஸ்பீனை மட்டும் மாற்றிப் பார்த்தேன். முன்பு கடைசிவரை தண்ணீர் மாதிரி சுழன்ற கலவை, இந்த முறை குழம்பாகிக் கலக்கிக் காந்தமே திணறியது, சங்கிலி நீண்டதற்கு அதுவே அடையாளம். பல்லேடியத்துக்கு அதன் டிபிஏ (டைபென்சிலிடீன் அசிட்டோன்) சேர்மம். ஒரு பல்லேடியத்துக்கு நான்கு பாஸ்பீன்.

எஸ்ஃபாஸ் என்ற இன்னொரு பாஸ்பீன் குளோரைடுகளையும் அசைக்கும், காற்றுக்கும் அஞ்சாது. அதில் நான் செய்தது இரண்டே பாலிமர், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். என் புரோமைடுகளுக்கு அவ்வளவு வேகம் தேவைப்படவும் இல்லை. ட்ரை-டெர்ட்-பியூட்டைல்பாஸ்பீன் வேறு கதை. 2007-இல் யோகோசாவா குழு அதைத் தாங்கிய பல்லேடியம் சேர்மத்தால் பாலிஃபுளோரீனைச் சங்கிலி வளர்ச்சி முறையிலேயே (முனையில் ஒவ்வொரு அலகாகச் சேர்வது) வளர்த்துக் காட்டியது. நீளத்தைக் கட்டுக்குள் வைக்க நினைப்பவர்கள் அந்தப் பக்கம் போகலாம். ஆனால் அதற்குப் புரோமைடும் போரானும் ஒரே மானோமரில் இருக்க வேண்டும். என் இரண்டு மானோமர் சோடிக்கு அது ஒத்துவராது.