சிங்கப்பூரைவிடத் தூரமான திருப்பூர்

சிங்கப்பூர் சாங்கி நிலையத்தில் விமானம் ஏறினால் நாலேகால் மணி நேரத்தில் திருச்சி. அறந்தாங்கியில் பஸ் ஏறித் திருப்பூர் போய்ச் சேர எனக்கு ஒன்பது மணி நேரம் ஆனது. 2025 தீபாவளிக்கு ஊருக்குப் போன மூன்று வாரத்தில் இரண்டையும் பார்த்துவிட்டேன்.

முதலில் திருச்சி விமான நிலையம். புதிய முனையம் 2024 ஜூனிலிருந்து ஓடுகிறது. பழைய கட்டடத்தில் பெட்டிக்காக ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்துக்கொண்டு நின்றவர்களுக்கு இது அரண்மனைதான். குடிநுழைவில் விரைவு வாசல் செப்டம்பரில் வந்துவிட்டது, ஆனால் இணையத்தில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். நான் பதியவில்லை, அரை மணி நேரம் வரிசை. முன்னும் பின்னும் நின்றவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, திருவாடானை என்றே பதில் வந்தது. கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்கிற இந்த ஆட்கள் இல்லையென்றால் திருச்சிக்கு இத்தனை வெளிநாட்டு விமானம் எதற்கு?

காசுக்குக் கஷ்டமில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கு இருந்தால் சிங்கப்பூர் எண்ணிலேயே யுபிஐ வேலை செய்கிறது, இளநீர்க்காரர் வரைக்கும். ஆனால் கேஒய்சி என்கிற அடையாள விவரத்தைப் புதுப்பிக்க வங்கிக்குப் போனதில் இரண்டு நாள் வீண். எந்த வங்கி என்று சொல்லவில்லை. முதல் நாள் 'சர்வர் டவுன்', மறுநாள் 'மேனேஜர் லீவு'.

தங்கச்சி குடும்பம் திருப்பூருக்குப் போனதற்குக் காரணம் கஜா புயல். 2018 நவம்பர் 16 விடிகாலையில் அடித்த காற்றில் மாப்பிள்ளையின் தோப்பில் நின்ற தென்னை எல்லாம் சாய்ந்தது. புதுக் கன்று காய்க்க அஞ்சாறு வருஷம். அதுவரை என்ன சாப்பிடுவது? ஏற்கெனவே போயிருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பனியன் கம்பெனியில் சேர்த்துவிட்டார். தங்கச்சி பிசிறு வெட்டப் போய் இப்போது செக்கிங்கில் இருக்கிறாள். தோப்பு திரும்பக் காய்க்கத் தொடங்கிவிட்டது, அவர்கள் திரும்பவில்லை. பையன் அங்கே பாலிடெக்னிக் படிக்கிறான்.

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் நின்று போர்டுகளைப் படித்தால் எந்தக் கிராமத்துச் சனம் எங்கே பிழைக்கப் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். சென்னை, திருப்பூர், கோயம்புத்தூர். எங்கள் ஊரிலிருந்து பக்கத்துக் கடற்கரை ஊருக்குப் போகச் சாயங்காலத்துக்கு மேல் வண்டி கிடையாது, திருப்பூருக்கு உண்டு. ரயில் பாதையை அகலமாக்கியும் திருப்பூருக்கு நேர் வண்டி வரவில்லை. பஸ்தான் கதி.

தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்த தங்கச்சி குடும்பம் ஞாயிறு இரவு திரும்பியபோது அவர்களோடு நானும் கிளம்பினேன். 'சிறப்பு' என்று போர்டு மாட்டி நின்றது, பார்த்தால் டவுன் பஸ் சீட்டு. சாய்க்க முடியாது, முழங்கால் முன் சீட்டுக் கம்பியில் இடிக்கும். டிக்கெட் மட்டும் தூரப் பயண விலை. புதுக்கோட்டை தாண்டுவதற்குள் நடுவழி முழுக்க மூட்டை: ஊர் அரிசி, தேங்காய், கருவாடு, ஒரு ஆத்தா மடியில் கட்டிப்போட்ட சேவல். திருச்சியில் பஞ்சப்பூர் புது பஸ் நிலையத்தில் கால் மணி நின்றது. 2025 ஜூலையில் இயங்கத் தொடங்கிய இடம், கழிப்பறை சுத்தமாக இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் பிறகு கரூர், வெள்ளகோவில், காங்கேயம். வெள்ளகோவில் அருகே டயர் பஞ்சர். விடிகிற நேரத்தில் ரோட்டோரம் ஐம்பது பேர் நிற்கிறோம், ஒருத்தர் முகத்திலும் கோபம் இல்லை. பெண்கள் போனை எடுத்து சூப்பர்வைசருக்கு "அண்ணே, லேட்டாகும்" என்று சொல்லிவிட்டு மூட்டை மேல் சாய்ந்துகொண்டார்கள்.

திருப்பூரில் தங்கச்சி இருப்பது லைன் வீடு. வரிசையாக ஆறு வாசல், ஒரு தண்ணீர்க் குழாய், இரண்டு கக்கூஸ். மூன்று வாசல் எங்கள் பக்கத்து ஆட்கள், ஒன்று தேனி, இரண்டு ஒடிசா. தெருமுனை செல்போன் கடையில் தமிழுக்கு மேலே இந்தி எழுதியிருக்கிறது. ஒடிசா வீட்டுக்காரர் தன் மாநில ரேஷன் கார்டை வைத்து இங்கேயே அரிசி வாங்குகிறார். 2020 அக்டோபரில் தமிழ்நாடு 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் சேர்ந்ததால் வந்த வசதி. தங்கச்சி கார்டோ இன்னும் ஊரில், அம்மா கையில். மாற்றினால் என்ன என்று கேட்டேன்.

"பொங்கல் பரிசு, ஓட்டு எல்லாம் அங்கதானண்ணே. இங்க மாத்திட்டா ஊருக்குப் போக என்ன சாக்கு இருக்கு?"

ஒடிசா வீட்டுக்காரரோடு ஒரு நாள் ரயில் நிலையம் போனேன். ஊரிலிருந்து அவர் தம்பி வருகிறான். தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸ் ராஞ்சி, ரூர்கேலா பக்கமெல்லாம் சுற்றிக்கொண்டு வருவது. பொதுப் பெட்டிக் கதவு திறந்ததும் ஆட்கள் வழிந்தார்கள். ஆளுக்கொரு முதுகுப்பை, சிலர் தோளில் அரிசி மூட்டை. எங்கள் பஸ்ஸில் பார்த்த அதே மூட்டை. இறங்கிய தம்பிக்குத் தமிழில் தெரிந்தது இரண்டு வார்த்தை: 'அண்ணா', 'ஷிப்ட்'.

அவன் வந்த நேரம்தான் சரியில்லை. 2025 ஆகஸ்ட் 27லிருந்து அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதில், அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகள் அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓடியது ஒரு ஷிப்ட் ஆகியிருந்தது. சனிக்கிழமை சம்பளக் கவர் மெலிந்துபோனதாகத் தங்கச்சி சொன்னாள். அறந்தாங்கியில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் கூட்டாளியும் வியாபாரம் டல் என்று புலம்பினான். திருப்பூரிலிருந்து பணம் வந்தால்தான் அவன் கடன் நோட்டில் கோடு விழும்.

கிளம்புகிற அன்று மருமகன் போனை நீட்டினான். டிக்கெட் தேடும் பக்கம் திறந்திருந்தது.

"மாமா, கோயம்புத்தூர்லேருந்தே சிங்கப்பூருக்கு நேரா பிளைட் இருக்காம்ல?"

"இருக்குடா."

உள்ளே குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. தங்கச்சி அடுப்பை அணைக்காமல் வாசலுக்கு வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.